விடைக்கோழி முட்டையிடப் போவதை முன்கூட்டியே அறிவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் வீட்டின் பின்புறம் ஐந்தாறு கோழிகளை அவிழ்த்துவிட்டு வளர்ப்போர், முதல் முட்டையைக் கூண்டில் காண்பது அரிது. பக்கத்துச் செம்பனைக் காட்டில் அடுக்கிக் கிடக்கும் மட்டைகளுக்கு அடியில் அதை இட்டுவிட்டுக் கோழி வந்துவிடும். உடும்போ முசாங் எனும் மரநாயோ தின்றுபோன பிறகே செய்தி தெரியும்.

வயதைக் கொண்டு மட்டும் நாளைக் கணிக்க இயலாது. பண்ணையிலிருந்து வாங்கும் பழுப்பு நிறக் கலப்பினக் கோழிகள் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். கம்போங் கோழிகள் எனப்படும் நாட்டுக் கோழிகளோ ஆறு மாதத்தையும் தாண்டலாம். பகல் குறுகுவதால் முட்டை தள்ளிப்போவது குளிர்நாடுகளின் சிக்கல். மலேசியாவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் நீடிப்பதால், இங்கே தாமதம் கண்டால் தீனியையும் குடற்புழுவையுமே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கொண்டையும் தாடியும் வெளிறிய நிறம் மாறிப் பருத்துச் சிவப்பது எல்லோரும் அறிந்த அறிகுறி. எனினும் சில கோழிகளுக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே சிவந்துவிடும் என்பதால், நான் இடுப்பெலும்பையே நம்புகிறேன். பொழுது சாய்ந்து கோழி அடைந்த பிறகு, அதை மெல்லத் தூக்கி முன்கையில் கிடத்தி, எச்சத் துவாரத்தின் இருபுறமும் கூராகத் தட்டுப்படும் எலும்பு முனைகளுக்கு இடையே விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு விரல் மட்டுமே நுழைந்தால் இன்னும் நாளாகும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் காலம் நெருங்கிவிட்டது. மூன்று விரல் நுழைந்தால் அது எங்கோ ஒளித்து இட்டுக்கொண்டிருக்கவும் கூடும். துவாரமும் சிறுத்து வறண்டிருந்த நிலை மாறி, அகன்று ஈரப்பதத்துடன் காணப்படும்.

நடத்தையும் மாறும். முதுகருகே கையைக் கொண்டுபோனால் ஓடாமல், இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். மூலை முடுக்குகளில் நுழைந்து பார்ப்பதும், இடைவிடாமல் கேறுவதும் இதே நாட்களில்தான்.

இவற்றைக் கண்டவுடன், இருண்ட மூலையொன்றில் ஓரடி அகலப் பெட்டியில் காய்ந்த லாலான் புல்லைப் பரப்பி, பழைய கோல்ஃப் பந்து ஒன்றைப் போலி முட்டையாக வைக்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருப்பதால், அதை மிக முன்னதாகவே கொடுத்தால் சிறுநீரகம் கெடும். எலும்பு இரண்டு விரல் அகன்ற பிறகு மாற்றுவதே சரி. கெராங் எனும் சிப்பியின் ஓட்டைக் காயவைத்து இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும்.

கோழிகள் பெரும்பாலும் முற்பகலிலேயே முட்டையிடுவதால், பெட்டியில் இட்டுப் பழகும்வரை காலை 11 மணிக்கு முன் கூண்டைத் திறக்காதிருப்பது நல்லது.