ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் வையுங்கள்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை இணையதளம் எழுதியபோது கோடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டேன், ரசீது எண்ணைத் திருத்தப் போய் உபயக்காரர் பட்டியலே வராமல் நின்றது.

சரி, இப்போது இப்படிச் செய்கிறேன். நன்கொடை, உபயம், ரசீது என்று வேலைக்கு ஒரு ஃபோல்டர். அதன் பக்கம், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் குவெரி, சரிபார்க்கும் டெஸ்ட் எல்லாம் அதற்குள்ளேயே. ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் இம்போர்ட் (வேறு கோப்பிலிருந்து எடுப்பது), எக்ஸ்போர்ட் (வேறு கோப்புக்குக் கொடுப்பது) மொழியிலேயே இருப்பதால், வெளியே தேவைப்படுவதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ரசீது நன்கொடையை இம்போர்ட் செய்து, நன்கொடையும் ரசீதை இம்போர்ட் செய்தால், ஒன்று பாதி தயாரான நிலையில் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவான ஃபங்ஷனை, உதாரணமாக 50 என்பதை '50.00 வெள்ளி' என்று காட்டுவதை, மூன்றாவது கோப்புக்கு மாற்றுங்கள். அதற்கு 'யூட்டில்ஸ்' என்று பெயர் வைக்காதீர்கள், நாளைக்கே கண்டதும் அதில் சேரும். அப்புறம், கடவுச்சொல் உள்ள கோப்பைக் கிட்டில் (Git, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஏற்றவே கூடாது.