வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கு: ஒரு கொப்பி, ஒரு வாரம்

தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் 10 ஆம் திகதியை ஒட்டி வருகிறது. வந்த கையோடு அரிசியும் மாவும் டவுனிலிருந்து வந்துவிடும், கடையில் இருந்த பழைய பாக்கியும் தீர்ந்துவிடும். மிச்சக் காசு 20 ஆம் திகதிக்குள் கரைந்துவிடும். அப்புறம் முற்பணம் வரும் வரை மறுபடியும் கடைக் கொப்பிதான். "காசு எங்க போகுதுன்னே தெரியல" என்று சொல்லாத வீடு நம் மலைப்பக்கத்தில் குறைவு.

அதைக் கண்டுபிடிக்க மாதக் கணக்கு உதவாது. மாதக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்துபோயிருக்கும். வாரக் கணக்குத்தான் வேண்டும். அதில் வாங்கிய சாமானோடு சமைத்த சாப்பாட்டையும் எழுத வேண்டும். காசை மட்டும் எழுதினால் எவ்வளவு போனது என்று தெரியும், பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியாது. இந்த இரண்டாவது கேள்வி நமக்கு மிக முக்கியம். 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் அது ஏறக்குறைய 32 வீதம். செலவைக் குறைக்கப் போய்ப் பிள்ளைகளின் தட்டைக் குறைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதச் சொல்கிறேன்.

இதுவரை கணக்கே எழுதாதவர்கள் செய்யக்கூடிய முறையாகவே சொல்கிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

1. கொப்பியும் கோடும்

80 பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் எடுங்கள். பேனையை நூல் கட்டிக் கொப்பியோடு சேர்த்து அடுப்படிச் சுவரில் தொங்கவிடுங்கள். பெட்டிக்குள் வைத்த கொப்பியில் யாரும் எழுதமாட்டார்கள்.

ஒரு வாரத்துக்கு விரித்த இரண்டு பக்கம். இடப் பக்கம் சாமான், வலப் பக்கம் சாப்பாடு. இடப் பக்கத்தில் ஐந்து பத்தி போடுங்கள்: நாள், சாமான், அளவு, விலை, கடைசியில் கைக்காசா கடனா என்பதற்கு ஒன்று. வலப் பக்கத்தில் ஏழு நாளுக்கு ஏழு கட்டம். போனில் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம், ஆனால் வீட்டில் பாட்டிக்கும் பிள்ளைக்கும் கை எட்டுகிற இடத்தில் இருப்பது கொப்பிதான்.

வாரத்தை எந்த நாளில் தொடங்குவது? ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கோ சந்தைக்கோ போகிற வீடானால் ஞாயிறு காலை தொடங்கிச் சனி இரவு முடியுங்கள். சனி இரவில் வீட்டில் சாமான் குறைவாக இருக்கும், அளந்து பார்ப்பது லேசு. நீங்கள் வேறு நாளில் சாமான் வாங்கினால் அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் இருப்பை எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இருப்பதை ஒருமுறை பாருங்கள். அரிசி, மா, சீனி, பருப்பு, எண்ணெய், தேங்காய், பால்மா, கருவாடு. உப்பும் மஞ்சளும் இப்போது வேண்டாம்.

தராசு இல்லையே என்று நிற்காதீர்கள். வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு இருக்கும். ஒரு சுண்டு அரிசியையும் ஒரு சுண்டு மாவையும் கடைத் தராசில் ஒரே ஒரு தடவை நிறுத்து, எத்தனை கிராம் என்று கொப்பியின் அட்டைக்குள் எழுதி வைத்துவிட்டால் அதுதான் இனி உங்கள் தராசு.

இந்த இருப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, கணக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. வாங்கியது வேறு, செலவானது வேறு. சம்பள வாரத்தில் 10 கிலோ அரிசி வாங்கினால் அந்த வாரம் பெரிய செலவு போலத் தெரியும். அடுத்த வாரம் அரிசியே வாங்காததால் சிக்கனமாக இருந்தது போலத் தெரியும். இரண்டும் பொய். உண்மையான கணக்கு இதுதான்:

தொடக்க இருப்பு + வாங்கியது − கடைசி இருப்பு = செலவானது

ஓர் உதாரணம் பார்ப்போம். விலைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை, நீங்கள் உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை 6 கிலோ அரிசி இருந்தது. கிலோ 240 ரூபா வீதம் 10 கிலோ வாங்கினீர்கள். சனி இரவு 9 கிலோ மிச்சம். 6 + 10 − 9, ஆக 7 கிலோ செலவு. கையிலிருந்து போனது 2,400 ரூபா, சாப்பாட்டுக்கு ஆனது 1,680 ரூபா. ஐந்து பேர் உள்ள வீடானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் அரிசி. இந்த 200 கிராமைத் தெரிந்துகொண்டால், அடுத்த சம்பளத்துக்கு எத்தனை கிலோ வாங்க வேண்டும் என்று குத்துமதிப்பாக யோசிக்க வேண்டியதில்லை.

3. வாங்கிய நேரத்திலேயே எழுதுங்கள்

சாமான் வீட்டுக்கு வந்ததும், பையைப் பிரிக்கும்போதே எழுதிவிடுங்கள். "மளிகை 1,850" என்று மொத்தமாக எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு சாமானுக்கும் அளவும் விலையும் வேண்டும். பிள்ளையைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி வாங்கும் 100 கிராம் சீனி, ஒரு பக்கெட் பிஸ்கட், ஒரு இறாத்தல் பாண் எல்லாம் எழுதப்பட வேண்டும். பல வீடுகளில் காசு கசிவது இந்தச் சின்னச் சாமான்களில்தான்.

எழுதத் தவறக்கூடிய வேறு சிலவும் உண்டு. தோட்டத்தில் தேயிலைத்தூள் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தால், சம்பளச் சீட்டில் உள்ள அந்தத் தொகையும் சாப்பாட்டுச் செலவுதான். வீட்டுக்குப் பின்னால் பறித்த கீரை, கோழி இட்ட முட்டை, கிளினிக்கில் கொடுத்த திரிபோஷ சத்துமா ஆகியவற்றை அளவோடு எழுதி விலையில் பூச்சியம் போடுங்கள். தீபாவளி வாரம், திருவிழா வாரம், விருந்தாளி வந்த வாரம் என்றால் பக்கத்தின் தலையில் அதையும் குறித்துவிடுங்கள். பிறகு ஒப்பிடும்போது அந்த வாரம் ஏன் கூடியது என்று குழம்ப மாட்டீர்கள்.

4. கடன் சாமான்

கடனுக்கு எடுத்த சாமானை எடுத்த நாளிலேயே எழுத வேண்டும், காசு கட்டிய நாளில் எழுதக் கூடாது. 3 ஆம் திகதி எடுத்த மாவை 3 ஆம் திகதிதான் சாப்பிட்டோம். காசு 10 ஆம் திகதி கட்டினாலும் அது 3 ஆம் திகதி வாரத்துச் செலவு. ஐந்தாவது பத்தியில் "கடன்" என்று போடுங்கள். பாக்கி கட்டும்போது அதைச் சாமான் பத்தியில் மறுபடி எழுதினால் ஒரே செலவு இரண்டு தடவை ஏறிவிடும். கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கடனுக்கென்று ஒதுக்கி, அதில் மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் கொப்பியும் உங்கள் கொப்பியும் ஒத்துப்போக வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். சண்டை மாதிரி இல்லாமல் கேட்கலாம்: "அண்ணே, எடுத்த சாமான நம்ம கொப்பியிலயும் ஒருக்கா எழுதித் தாங்க, வீட்ல கணக்கு வச்சிருக்கோம்." வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஒத்துப் பார்த்துவிட்டால் மாதக் கடைசியில் வாக்குவாதம் வராது. பக்கெட் சாமானில் அச்சடித்த விலையையும் பார்த்து வாங்குங்கள். அதற்கு மேல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

5. சாப்பாட்டுப் பக்கம்

இதற்கு அதிக நேரம் ஆகாது. இரவு சாப்பிட்ட பிறகு அன்றைக்குச் சமைத்ததை எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே எழுதுவார்கள். ஒரு நாள் கட்டம் இப்படி இருக்கும்:

செவ்வாய் (5 பேர்)
காலை: ரொட்டி, கட்டசம்பல், பிளேன்டீ
பள்ளிக்கூடம்: ரொட்டி, சம்பல்
மத்தியானம்: சோறு, பருப்பு, கோவா வறை
இரவு: சோறு, மத்தியானப் பருப்பு, நெத்தலிப் பிரட்டல்
மிச்சம்: சோறு ஒரு கோப்பை, கொட்டியது

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கொட்டியது, கெட்டது, கோழிக்குப் போட்டது என எதுவானாலும் எழுதுங்கள். ஒரு வாரம் முழுக்க "சோறு ஒரு கோப்பை" என்று வந்தால் உலையில் போடும் அரிசியைக் கொஞ்சம் குறைக்கலாம்.

அடுத்து, பருப்பு, கடலை, கௌபி, முட்டை, மீன், கருவாடு, சோயா மீட், இறைச்சி இவற்றில் ஏதாவது சாப்பிட்ட வேளைக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடுங்கள். மேலே உள்ள செவ்வாயில் காலையிலும் பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும் அடையாளம் இல்லை. ஏழு நாளும் அப்படியே இருந்தால், பிள்ளைகள் பகல் பொழுதை வெறும் மாவிலேயே ஓட்டுகிறார்கள் என்று பக்கமே சொல்லிவிடும். முதல் வேலையாகப் பள்ளிக்கூட டப்பாவில் அவித்த கடலை ஒரு பிடியோ பாதி முட்டையோ வைக்கப் பாருங்கள்.

தேத்தண்ணியையும் நேரத்தோடு குறியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்துக் குடிப்பது நல்லது. கீரையில் தேசிக்காய் பிழிந்துகொண்டால், பிறகு ஒரு கொய்யா சாப்பிட்டால், இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். காசு செலவில்லாத மாற்றங்கள் இவை, தயவுசெய்து செய்யுங்கள்.

6. சனி இரவுக் கணக்கு

மறுபடி இருப்பை அளந்து எழுதுங்கள். முன்பு சொன்ன கழித்தலை அரிசி, மா, சீனி, பருப்பு, எண்ணெய், தேங்காய், பால்மா, கருவாட்டுக்குச் செய்யுங்கள். மரக்கறி, பாண் போன்றவை அந்த வாரத்திலேயே முடிந்துவிடும், வாங்கிய விலையே செலவு.

பிறகு செலவை நான்கு கூட்டாகப் பிரித்துக் கூட்டுங்கள். அரிசி, மா, பாண் ஒன்று. பருப்பு, முட்டை, மீன், கருவாடு, பால்மா ஒன்று. மரக்கறி, பழம், தேங்காய், எண்ணெய், கறிச் சாமான் ஒன்று. சீனி, தேயிலை, பிஸ்கட், சோடா, பக்கெட் தீன் ஒன்று. நான்காவது கூட்டு இரண்டாவதை விடப் பெரியதாக இருந்தால் குறைக்க வேண்டிய இடம் அதுதான். இரண்டாவது கூட்டில் கை வைக்காதீர்கள்.

7. விலை கூடியதா, நாம் கூட்டினோமா

சில வாரங்கள் எழுதிய பிறகு இதைச் செய்யலாம். முதல் வாரம் ஒரு தேங்காய் 150 ரூபா வீதம் நான்கு வாங்கினீர்கள், 600 ரூபா. இன்னொரு வாரம் 180 ரூபா வீதம் ஐந்து, 900 ரூபா. கூடிய 300 இல், பழைய நான்கு தேங்காயின் விலையேற்றம் 120 ரூபா. மிச்ச 180 ரூபா ஐந்தாவது தேங்காய். விலையை நாம் மாற்ற முடியாது, ஐந்தாவது தேங்காய் தேவையா என்று யோசிக்கலாம்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரே வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 195 ரூபா. அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் தாங்கள்தான் ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறோம் என்று பேச்சு வாங்கினார்கள். அளவும் விலையும் தனித்தனியாக எழுதிய கொப்பி அந்தப் பழியைத் தீர்த்துவைத்திருக்கும்.

8. டவுனா, தோட்டத்துக் கடையா

100 கிராம் நெத்தலி 160 ரூபா, அரைக் கிலோ 650 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக வாங்கினால் அரைக் கிலோவுக்கு 800 ரூபா போகும், மொத்தமாக வாங்கினால் 150 ரூபா மிச்சம். ஆனால் மழை மாதங்களில் நம் பக்கத்து ஈரத்தில் நெத்தலி பூஞ்சணம் பிடிக்கும், மா கட்டி தட்டும். இறுக்கமான மூடியுள்ள டின் இல்லாதவர்கள் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குவதே லாபம்.

பஸ் காசையும் சேர்த்துப் பாருங்கள். டவுனில் மா கிலோவுக்கு 20 ரூபா குறைவென்றால் 5 கிலோவில் 100 ரூபா மிச்சம். போய்வர 120 ரூபா ஆனால் மாவுக்காக மட்டும் போவது நட்டம். நெத்தலியும் சேர்த்து வாங்கினால் 130 ரூபா லாபம். இரண்டு பேர் போனால் அந்த லாபத்தில் 10 ரூபாதான் மிஞ்சும்.

9. அடுத்த வாரத்துக்கு

ஞாயிறு காலை கொப்பியைப் பார்த்துவிட்டுச் சாமான் துண்டு எழுதுங்கள். முதலில் வீட்டில் இருப்பதை வைத்து எந்தெந்த நாள் என்ன சமைக்கலாம் என்று பாருங்கள், குறைவதை மட்டும் துண்டில் எழுதுங்கள். கீரையும் தக்காளியும் வாரத் தொடக்கத்துக்கு. கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு கடைசி நாட்களுக்கு. கரட்டை இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டிவிடுங்கள், கிழங்கு வாடாது.

ஒரு வாரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த கடலை என்றால் அது மட்டும். சனி இரவு நான்காவது கூட்டு எவ்வளவு இறங்கியது, பள்ளிக்கூட வரியில் எத்தனை சரி அடையாளம் கூடியது என்று பாருங்கள். பிள்ளைகள் டப்பாவைக் காலி செய்து கொண்டுவந்தால் அடுத்த வாரமும் தொடருங்கள், மிச்சம் வைத்தால் கடலைக்குப் பதில் கௌபியோ பயறோ வைத்துப் பாருங்கள்.