அரேஞ்ச், ஆர்கனைஸ், சார்ட், கிளாசிஃபை: எந்த வேலைக்கு எந்தச் சொல்?

"நாற்காலி அரேஞ்ச் பண்ணியாச்சா? வண்டி அரேஞ்ச் பண்ணியாச்சா? பரிமாற ஆள் அரேஞ்ச் பண்ணியாச்சா?" கல்யாண வீட்டில் இந்த ஒரே சொல் எல்லா வேலையும் பார்த்துவிடும். பேச்சுத் தமிழில் அதில் ஒரு குறையும் இல்லை. அதே பழக்கத்தோடு ஆங்கிலத்தில் மின்னஞ்சலோ அறிக்கையோ எழுத உட்காரும்போதுதான் இடிக்கிறது.

இத்தனைக்கும் இந்த வேலைகளுக்குத் தமிழில் தனித்தனி வினைகள் இருக்கின்றன: அடுக்கு, பிரி, வகைப்படுத்து, வரிசைப்படுத்து, ஒதுக்கு, ஏற்பாடு செய். ஆகவே ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன் தமிழ் வினையைப் பிடியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் 'ஏற்பாடு செய்', 'ஒதுக்கு' ஆகிய இரண்டை மட்டும் நம்பி இறங்க முடியாது. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் நிற்கும் இடங்கள் அவை.

படி 1: வேலை முடிந்ததும் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். குரூப் போட்டோவுக்காக உயரப்படி மூன்று வரிசையில் நிறுத்தினால் அது அரேஞ்ச். யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் விஷயம். எட்டெட்டுப் பேராக ஐந்து அணி பிரித்து, அணிக்கொரு தலைவர் வைத்து, விளையாட்டு விழாவுக்குத் தயார் செய்தால் ஆர்கனைஸ். சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பு மிஞ்சுகிறது. மதிப்பெண்ணைப் பார்த்து முதலிடம், இரண்டாமிடம் என்று 40 வரை போட்டால் ரேங்க். ஏ, பி, சி என்று போட்டால் கிரேட்.

கடைசி இரண்டும் அடிக்கடி மாறிப்போகின்றன. ரேங்க் ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைச் சொல்கிறது. கிரேடில் பத்துப் பேர் ஒரே படியில் நிற்கலாம். முட்டையையும் தேயிலையையும் கிரேட் செய்கிறார்கள், ரேங்க் செய்வதில்லை. தமிழில் 'தரம் பிரித்தல்' என்று வந்தால் கிரேட்.

படி 2: குவியல் குவியலாகப் பிரித்தால் சார்ட்

இந்தச் சொல் தினமும் புழங்கும் இடம் தபால் துறை. கடிதங்களைப் பிரிக்கும் அலுவலகத்துக்குப் பெயரே சார்ட்டிங் ஆபீஸ். 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்க பின்கோடு வந்தது இந்த வேலையை எளிதாக்கத்தான். முதல் மூன்று இலக்கம் கடிதம் போய்ச் சேர வேண்டிய பிரிப்பு மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். சென்னைக் கடிதம் 600இல் தொடங்கும், மதுரைக் கடிதம் 625இல்.

கடிதம் பிரிப்பவரின் கையைப் பார்த்தால் இலக்கணமும் புரியும். எதை வைத்துப் பிரிக்கிறார்? பின்கோடை வைத்து: 'சார்ட் பை பின்கோடு'. பிரித்து என்ன ஆகிறது? மூன்று கட்டாகிறது: 'சார்ட் இன்ட்டு த்ரீ பண்டில்ஸ்'. அளவுகோலுக்கு 'பை', விளைவுக்கு 'இன்ட்டு'. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கலாம். 'பை' வர வேண்டிய இடத்தில் 'இன்ட்டு' போட்டால் பொருள் கெடும்.

எக்செலில் இதே சொல் வரிசைப்படுத்துவதைக் குறிக்கும். அங்கே சார்ட் செய்தால் வரிகள் இடம் மாறும். ஃபில்டர் செய்தால் வேண்டாதவை மறையும், எதுவும் இடம் மாறாது. பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் கொடுத்தால் 'எக்ஸ்பாண்ட் தி செலக்ஷன்' என்று ஒரு கேள்வி வரும். அதை ஏற்காமல் தொடர்ந்தால் பெயர்கள் அகரவரிசைக்குப் போகும், மதிப்பெண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருவர் மார்க் இன்னொருவர் பெயருக்கு எதிரே போய்விடும். உடனே கன்ட்ரோல் இஸட் அழுத்துங்கள்.

பின்னால் 'அவுட்' சேர்த்து 'சார்ட் அவுட்' என்றால் பெரும்பாலும் பிரச்சினையைத் தீர்ப்பது.

படி 3: பெயர் சூட்டும் விதி முன்பே இருந்தால் கிளாசிஃபை

திமிங்கிலம், சுறா, கடலாமை மூன்றையும் கடல்வாழ் உயிர்கள் என்று ஒன்றாகச் சேர்த்தால் அது குரூப். நமக்கு வசதியான ஒரு காரணம் போதும். திமிங்கிலத்தைப் பாலூட்டி என்று சொல்வது கிளாசிஃபை. அங்கே விலங்கியல் வகுத்த விதி இருக்கிறது; கண்ணுக்கு மீன்போலத் தெரிவது கணக்கில் வராது. 'கிளாசிஃபை ஆஸ்' என்றோ 'கிளாசிஃபை அண்டர்' என்றோ எழுதுங்கள்.

கேட்டகரைஸ் இதைவிடத் தளர்வானது. மாதச் செலவை வாடகை, பால், பள்ளிக் கட்டணம் என்று நீங்களே வகை பிரித்தால் அது பொருந்தும். கிளாசிஃபைடு என்ற வடிவத்தில் மட்டும் கவனம் வேண்டும். செய்தித்தாளில் வந்தால் வரி விளம்பரம். ஆவணத்தின் முன்னால் வந்தால் ரகசியம். 'வகைபிரித்த கோப்பு' என்ற பொருளில் 'கிளாசிஃபைடு ஃபைல்' என்று எழுதினால், ரகசியக் கோப்பு என்றே படிப்பார்கள்.

படி 4: 'ஏற்பாடு' வந்தால் நின்று யோசியுங்கள்

முதல் கண்ணி இது. தேதியோ நேரமோ வண்டியோ பேசி முடித்ததும் வேலை தீர்ந்துவிடுமா? அப்படியானால் அரேஞ்ச். பேசி முடித்த பிறகுதான் வேலையே தொடங்குமா? அப்படியானால் ஆர்கனைஸ். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவது அரேஞ்ச். 200 பேர் வரும் மருத்துவ முகாம் ஆர்கனைஸ்: மேசை, மருந்து, தன்னார்வலர், டோக்கன் எல்லாம் கைகோக்க வேண்டும்.

வீட்டார் பார்த்துப் பேசி முடித்தால் 'அரேஞ்ச்டு மேரேஜ்'. அதை ஆர்கனைஸ்டு என்று யாரும் சொல்வதில்லை. அதே கல்யாணத்தின் பந்தல், சமையல், மண்டபம் எல்லாவற்றையும் பொறுப்பேற்று நடத்துபவர் செய்வது ஆர்கனைஸ்.

மனிதர்களை ஒரு நோக்கத்துக்காக அமைப்பாகத் திரட்டுவதற்கும் ஆர்கனைஸ் மட்டுமே பொருந்தும். 1918இல் பி.பி.வாடியா, திரு.வி.க. முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆலைத் தொழிலாளர்களை ஆர்கனைஸ் செய்தது. அங்கே அரேஞ்ச் என்று போட்டால், தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்த மாதிரி ஆகிவிடும்.

இனி அதிகம் காணும் பிழை. 'அவர் வர ஏற்பாடு செய்' என்பதை 'அரேஞ்ச் ஹிம் டு கம்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'அவர் வர' என்பதற்கு நடுவே எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'ஃபார்' கட்டாயம்: 'அரேஞ்ச் ஃபார் ஹிம் டு கம்'. 'அரேஞ்ச் மி எ லோன்' என்பதையும் 'அரேஞ்ச் எ லோன் ஃபார் மி' என்று மாற்றுங்கள்.

நிகழ்ச்சி நடக்கும் நாளைப் பற்றிச் சொல்லும்போது ஹோல்டு. ஏற்பாடு செய்தவர் ஆர்கனைஸ் செய்தார். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை ஹெல்டு. தேர்வுக்கும் கணக்கெடுப்புக்கும் கண்டக்ட் சரி.

படி 5: 'ஒதுக்கு' என்பதற்கு நான்கு

பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்ஆஃப் போட்டு மாணவர்களை ரேங்க் செய்கிறார்கள். பிறகு விருப்பப்படி இடம் கிடைப்பது அலாட்மென்ட்: இருக்கும் இடங்களில் ஒன்று ஒருவர் பெயருக்குப் போகிறது. இடஒதுக்கீடு என்பதோ ரிசர்வேஷன். ஆள் யாரென்று தெரியும் முன்பே ஒரு பங்கைத் தனியே வைப்பது. கல்லூரி ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்கினால் அலோகேட், ஏனெனில் 'எதற்காக' என்பதே அங்கே முக்கியம். ஒரு பேராசிரியருக்கு ஒரு பாடத்தைக் கொடுத்தால் அசைன். பொறுப்பு அவர் தலையில்.

அலாட், அலோகேட் இரண்டும் சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று படியும். நபருக்குப் பங்கு என்றால் அலாட், நோக்கத்துக்கு வளம் என்றால் அலோகேட் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

படி 6: ஆர்டரை வினையாக்காதீர்கள்

'ஆர்டர் தி புக்ஸ்' என்றால் கேட்பவர் புத்தகங்களை விலைக்கு வாங்கப் போவார். அடுக்கச் சொல்ல வேண்டுமானால் 'புட் தி புக்ஸ் இன் ஆர்டர்'. அகரவரிசைக்கு 'அரேஞ்ச் இன் ஆல்ஃபபெட்டிகல் ஆர்டர்'.

பழகிப் பார்க்க: நன்கொடையாக வந்த 500 நூல்கள்

ஊர் நூலகத்துக்கு ஒரு லாரி நூல்கள் வந்து இறங்குகின்றன. முதலில் கிழிந்தவை, நல்லவை என்று இரண்டு குவியலாக: சார்ட். நல்லவற்றுக்குப் பகுப்பு எண் கொடுப்பது: கிளாசிஃபை. 1876இல் வெளிவந்த டூவி தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றினால் எண் வேறாக இருக்கும், வினை அதேதான். எண் வரிசையில் அலமாரியில் வைப்பது: அரேஞ்ச். கிழிந்தவற்றை பைண்டு செய்யப் பணம் எடுத்துவைப்பது: அலோகேட். அந்த வேலையை ஒருவரிடம் கொடுப்பது: அசைன். மாதந்தோறும் வாசகர் வட்டம் கூட்டுவது: ஆர்கனைஸ். அதற்குப் பேச்சாளரை அழைத்துவரக் கார் பேசுவது எது என்று படி 4ஐப் பார்க்காமல் சொல்லுங்கள்.