‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் 1978-ஆம் ஆண்டு ஆல்பம் இது. நான்கே பகுதிகள், சுமார் 48 நிமிடம். பாடல் வரிகள் கிடையாது, தாளமும் கிடையாது. ஐந்தாவது நிமிடத்தில் “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் வால்யூமைக் கூட்டி வைத்துக் காத்திருந்தவர்கள். அதனால் முதலில் வால்யூமைச் சரிசெய்வோம்.

ஸ்பீக்கரில் கேட்பதே நல்லது. மின்விசிறியை வழக்கமான வேகத்தில் ஓடவிடுங்கள். விசிறிச் சத்தமும் பியானோவும் ஒன்றையொன்று மூடாமல் சேர்ந்து கேட்கும் அளவுக்கு வால்யூமைக் குறையுங்கள். அடுத்த அறையில் யாராவது பேசினால் அதுவும் காதில் விழ வேண்டும். கொலோன்–பான் விமான நிலையத்தில் காத்திருந்தபோது ஈனோவுக்குத் தோன்றிய யோசனை இது. இடையில் அறிவிப்பு வந்தாலும் கெட்டுப்போகாத இசைதான் அவர் தேடியது.

போனில் கேட்பவர்கள் ஷஃபிள், கிராஸ்ஃபேட், ஈக்வலைசர் மூன்றையும் அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேட் ஒரு பகுதியின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும். சில புளூடூத் ஸ்பீக்கர்கள் சத்தம் மிகவும் குறைந்தால் தாமாகவே ஒலியை நிறுத்திவிடும். அடுத்த ஸ்வரத்தின் தொடக்கம் வெட்டுப்படும். அப்படி நடந்தால் போனில் வால்யூமைக் கூட்டி, ஸ்பீக்கரில் குறையுங்கள், இல்லையேல் வயர் போட்டுக் கேளுங்கள். வேகம் குறைத்து மணிக்கணக்கில் நீட்டிய பதிவுகளும் இணையத்தில் உலவுகின்றன. முதல் பகுதி 17 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் அதுதான் மூலப் பதிவு.

அந்த முதல் பகுதி ‘1/1’. பியானோ வாசித்தவர் இசைக்கலைஞர் ராபர்ட் வயட். இதை எதற்கும் காத்திராமல் கேளுங்கள்: துணி மடிக்கலாம், ஜன்னலோரம் உட்காரலாம். வாசிப்பது மட்டும் வேண்டாம், சொற்கள் காதை முழுவதுமாக இழுத்துக்கொள்ளும்.

கைக்கடிகாரம் தேவைப்படுவது இரண்டாவது பகுதியான ‘2/1’-க்கு. ஏறக்குறைய ஒன்பது நிமிடமும் “ஆ” என்று நீளும் மனிதக் குரல்கள் மட்டுமே. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி டேப் வளையத்தில் (இரு முனைகளையும் ஒட்டிய ஒலிநாடாவில்) பதிவாகி, முடிவில்லாமல் சுற்றுகிறது. ஈனோ சொன்ன கணக்குப்படி ஒரு வளையம் 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பி வருகிறது, இன்னொன்று சுமார் 25⅞, மூன்றாவது 29 15/16. விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் டேப் என்றால் முதல் வளையத்துக்கே ஏறக்குறைய ஒன்பது மீட்டர் வேண்டும். ஜெர்மன் ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்கின் ஸ்டூடியோவில் அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி டேப்பை ஓடவிட்டது அதனால்தான்.

உங்களுக்கு எளிதில் அடையாளம் தெரியும் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது தொடங்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, அதே ஸ்வரம் மீண்டும் வரும்வரை காத்திருங்கள். முதல் முயற்சியில் தவறும். குரல் மெல்ல எழுவதால் தொடக்கத்தைப் பிடிப்பது கடினம். இரண்டு மூன்று சுற்றில் காது பழகிவிடும். பிறகு இரண்டாவது ஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வளையங்களின் ஸ்வரங்கள் ஒருமுறை ஒன்றாக எழுந்தால், அடுத்த சுற்றில் இரண்டரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக விலகும், அதற்கடுத்த சுற்றில் கிட்டத்தட்ட ஐந்து விநாடி. எத்தனை அழகு பாருங்கள்: யாரும் மெட்டுப் போடாமலே ஒவ்வொரு சுற்றிலும் புது மெட்டு பிறக்கிறது.

இது பிடிபட்டபின், மூன்றாவது பகுதியான ‘1/2’-இல் குரல்களோடு பியானோவும் சேரும்போது யார் எப்போது வருகிறார் என்று காது தானே கவனிக்கும்.

கடைசிப் பகுதி ‘2/2’ முழுக்க ஏஆர்பி 2600 என்ற சின்தசைசர், அதாவது மின்னணு இசைக்கருவி. இதன் கனமான அடிநாதம் போனின் சிறிய ஸ்பீக்கரில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். இங்கே ஹெட்போன் மாட்டினாலும் தவறில்லை. ஆட்டோபிளேயை முன்பே அணைத்துவையுங்கள். மறந்தால், கடைசி ஸ்வரம் அடங்கும்முன்பே வேறு பாட்டு அறைக்குள் வந்துவிடும்.