மெயிலில் வரும் கோப்பின் வாலைப் பாருங்கள்

2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் போல மெயிலில்தான் வந்தது. கோப்பின் பெயர் டிஎக்ஸ்டி (வெறும் எழுத்துக் கோப்பு) என்று முடிவதாகத் தெரிந்ததால் பலரும் யோசிக்காமல் திறந்துவிட்டார்கள், ஆனால் அதற்குப் பின்னால் விபிஎஸ் (திறந்தால் ஓடும் நிரல்) என்று இன்னொரு வால், அதாவது கோப்பின் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷன், இருந்ததை விண்டோஸ் மறைத்துவிட்டது. இன்றும் வழக்கமாக மறைக்கத்தான் செய்கிறது! விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அப்புறம் ஷோ, அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இனி பிடிஎஃப் மாதிரி வரும் கோப்பு இஎக்ஸ்இ, ஜேஎஸ் என்று நிரல்களுக்கான வாலோடு முடிந்தால் தொடாதீர்கள். தெரிந்தவரிடமிருந்து வந்திருந்தாலும் சரி, ஏனென்றால் அந்த வைரஸும் அவுட்லுக் மெயில் மென்பொருளின் முகவரிப் பட்டியலை எடுத்து எல்லோருக்கும் தானாகவே போனதுதான். வேர்டு கோப்பு, தனக்குள் இருக்கும் நிரலை ஓடவிடும் 'எனேபிள் கன்டென்ட்' பட்டனை அழுத்தக் கேட்டால், அதையும் அழுத்த வேண்டாம்.