ஐரோப்பாவில் குறைந்த செலவில் படிக்கப் போகிறீர்களா? பெங்களூரில் பலர் செய்யும் தவறுகள்

ஜெயநகர், கோரமங்களா பக்கம் போனால் "ஜெர்மனியில் இலவசப் படிப்பு" என்று கண்ணாடியில் ஒட்டிய கன்சல்டன்சி அலுவலகங்களைப் பார்க்கலாம். அது பொய் இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் டியூஷன் ஃபீஸ் கிடையாது. செமஸ்டருக்குச் சுமார் 100 முதல் 350 யூரோ வரை ஒரு தொகை கட்ட வேண்டும், பல ஊர்களில் பஸ், ரயில் பாஸ்கூட அதிலேயே வந்துவிடும். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்து உள்ளே போகும் பிள்ளைகளில் பலர் வெளியே வரும்போது கையில் வைத்திருப்பது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆஃபர் லெட்டர், வருடத்துக்கு 10,000 யூரோவுக்கு மேல் கட்டணம். காரணம் எளிது. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவதில்லை, தனியார் தருகின்றன. "எங்களுக்கு நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த அலுவலகத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று நேராகவே கேளுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தனியார் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் என்று நம்பி, அப்பா ஓசூரில் இருக்கிற மனையை அடமானம் வைத்த பிறகு உண்மை தெரிவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். டாட் (DAAD) என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் கட்டணம் எவ்வளவு என்று போட்டிருக்கும், ஜெர்மன் பல்கலைக்கழகங்களைப் பட்டியலிடும் ஹோக்ஷூல்கொம்பாஸ் (Hochschulkompass) தளத்தில் அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பார்க்கலாம். இரண்டையும் பார்க்க அரை மணி நேரம் போதும். வகுப்பில் பெரும்பகுதி ஆன்லைனில் நடக்கும் படிப்பா என்பதையும் பாருங்கள். அப்படிப்பட்ட படிப்புக்கு மாணவர் விசா கிடைப்பதே சிக்கல்.

பழைய வீடியோக்களை நம்புவது அடுத்த தவறு. நார்வே இலவசம் என்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் 2023 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களுக்கு அங்கே கட்டணம் உண்டு. ஸ்வீடன் 2011லேயே, ஃபின்லாந்து 2017லேயே இதை ஆரம்பித்துவிட்டன. ஜெர்மனிக்குள்ளேயே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் அங்கேதான்) 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேருகிற நம்மவர்களுக்கு மாஸ்டர்ஸ் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. பிரான்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸுக்கு வருடம் 4,000 யூரோவுக்குப் பக்கத்தில் வரும், சில பல்கலைக்கழகங்கள் தள்ளுபடி தருகின்றன, கேட்டுப் பார்க்க வேண்டும். ஆஸ்திரியா அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டருக்கு 726.72 யூரோ, இதை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை.

சரி, ஃபீஸ் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஜெர்மனி விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், யூரோ நூறு ரூபாய் என்று போட்டாலே கிட்டத்தட்ட 12 லட்சம். போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோவாக நம் கைக்கே திரும்ப வரும். அந்த 992ஐ வைத்து எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வாழலாம் என்று நினைப்பதுதான் வீட்டுக் கணக்கைக் கவிழ்க்கிறது. மியூனிக்கில் தனியாக ஓர் அறை பிடித்தால் வாடகைக்கே 700, 800 போய்விடும், மாணவர் விடுதிக்கு நீண்ட வரிசை. கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற ஊர்களில் அதில் பாதிக்கும் குறைவாகவே அறை கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் தனி, முப்பது வயது தாண்டியிருந்தால் அந்த மாணவர் சலுகைக் கட்டணமும் கிடைக்காது. ஐடியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கலாம் என்று இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு வருடப் படிப்பை முடிக்கப் பலருக்கு இரண்டரை, மூன்று வருடம் ஆகிறது, அதனால் கணக்கையும் மூன்று வருடத்துக்கே போடுங்கள். பார்ட் டைம் வேலையில் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வேண்டாம். சட்டப்படி வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், ஆனால் ஜெர்மன் தெரியாமல் முதல் சில மாதங்களில் வேலை கிடைப்பது கஷ்டம்.

பெங்களூரில் அதிகம் பார்க்கிற தவறு ஒன்று இருக்கிறது. மெக்கானிக்கல் படித்திருப்பார்கள், எலக்ட்ரானிக் சிட்டியில் நான்கைந்து வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்திருப்பார்கள், அதை நம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸுக்குப் பத்து இடத்தில் அப்ளை செய்வார்கள், பத்திலும் ரிஜெக்ட் ஆகும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பி.இ.யில் நீங்கள் படித்த பாடங்களை: கணிதம் எத்தனை கிரெடிட், அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் எத்தனை கிரெடிட் என்று. வேலை அனுபவம் அந்த ஓட்டையை அடைக்காது. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவர் கைகாட்டும் தனியார் நிறுவனம் இதையெல்லாம் கேட்காது. அப்ளை செய்வதற்கு முன் அந்தப் படிப்பின் விதிமுறை ஆவணத்தைத் திறந்து, உங்கள் மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாடமாகப் பொருத்திப் பாருங்கள். மெக்கானிக்கல்காரர்களுக்கு கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸ், மெக்கட்ரானிக்ஸ் மாதிரி நடுவில் நிற்கிற படிப்புகள் இருக்கின்றன, கோடிங் அனுபவம் அங்கே உண்மையிலேயே உதவும்.

மார்க்கிலும் ஒரு குழப்பம். ஜெர்மனியில் 1 தான் உயர்ந்தது, 4 பாஸ். நம் மார்க்கை அந்த அளவுக்கு மாற்ற, உயர்ந்தபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, உயர்ந்தபட்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 7 சிஜிபிஏ, பாஸ் 4 என்றால் 2.5 வருகிறது. பல படிப்புகள் 2.5 என்ற இடத்தில்தான் கோடு கிழிக்கின்றன. பாஸ் 5 என்று உங்கள் பல்கலைக்கழகம் சொன்னால் அதே 7 சிஜிபிஏ 2.8 ஆகிவிடும். அதனால் உங்கள் பல்கலைக்கழகம் பாஸ் மதிப்பெண்ணை எப்படி எழுதித் தருகிறது என்பதை முதலிலேயே பாருங்கள்.

தேதிகள். ஜெர்மனிக்குப் போக, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து நம் மாணவர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய், வர வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் காலேஜில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும், அதற்கும் வாரக்கணக்கு. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி என்று கேள்விப்பட்டு நிதானமாக இருப்பார்கள், ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல மாஸ்டர்ஸ் படிப்புகள் மார்ச்சிலும் மே மாதத்திலுமே மூடிவிடுகின்றன. அக்டோபரில் வகுப்பு வேண்டும் என்றால் முந்தைய வருடம் செப்டம்பரிலேயே ஏபிஎஸ் வேலையை ஆரம்பிப்பது நல்லது.

பிளஸ் டூ முடித்ததும் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு: ஜெர்மனியில் நம் பிளஸ் டூ மட்டும் பொதுவாகப் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே ஒரு வருடம் கல்லூரியில் அதே துறையைப் படித்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அங்கே போய் ஸ்டுடியன்கொலெக் என்ற ஆயத்த வருடம். அரசுப் பல்கலைக்கழக பேச்சலர்ஸ் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான், இந்திராநகர் மேக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்ற முதல் நிலை ஜெர்மன் முடித்தால் போதாது.

இத்தாலியைப் பற்றி கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதுதான் நல்ல வழி என்பது என் கருத்து. அங்கே அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, மாநில உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் போய் கையில் பணமும் வரும். இதற்கு ஐஎஸ்இஇ பாரிஃபிகாத்தோ என்ற வருமானக் கணக்கு வேண்டும். அட்மிஷன் கிடைத்த சந்தோஷத்தில் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதியை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி விண்ணப்பம், பல இடங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் முடிந்துவிடும். வருமானம், சொத்து, குடும்ப உறுப்பினர் சான்றுகளுக்கு அப்போஸ்டில்லும் (வெளிநாட்டில் செல்லும்படி வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று) இத்தாலிய மொழிபெயர்ப்பும் பொதுவாகக் கேட்பார்கள். இங்கேதான் பெங்களூர்த் தமிழர்களுக்குச் சிக்கல். தமிழ்நாட்டில் வாங்கிய சான்றுக்கு முதலில் தமிழ்நாடு அரசின் அட்டெஸ்டேஷன் வேண்டும், கர்நாடகாவில் நடக்காது. சேலத்திலோ திருவண்ணாமலையிலோ தாசில்தார் அலுவலகம், அப்புறம் சென்னை, அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம் என்று போகும். மே மாதமே ஊருக்குப் போய்வாருங்கள். உதவித்தொகை தவணையாக, தாமதமாகத்தான் வரும், முதல் நான்கைந்து மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். தேவையான கிரெடிட்டுகளை முதல் வருடத்திலேயே எடுக்காவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் செய்வார்கள்.

கடைசியாக விசா. ஜெர்மனி விசாவை மறுத்தால் கட்டணம் இல்லாமல் மறுபரிசீலனை கேட்கும் வழி முன்பு இருந்தது, 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுபடியும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் அல்லது ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பெங்களூரில் இருக்கிற ஜெர்மன் துணைத் தூதரகம் கர்நாடகாவையும் கேரளாவையும் பார்க்கிறது, தமிழ்நாட்டுக்குச் சென்னை. ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி, குடியிருப்பது மாரத்தஹள்ளி என்றால் வாடகை ஒப்பந்தம் போன்ற ஆதாரங்களை அப்பாயின்ட்மென்ட் போடுவதற்கு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.