பூசை உடையைப் பார்த்ததும் செய்யும் தவறுகள்

இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்தவக் குருக்கள் அணிந்த பட்டுப் பூசை உடைகளைப் பார்க்கும்போது பலரும் முதலில் சறுக்குவது பெயரில்தான். இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் இருக்கும் ஸ்டோல், குருக்கள் கழுத்தில் போடும் நீளப் பட்டை, 'புனித கத்பர்ட்டுடையது' என்றே வழங்குகிறது. அவர் இறந்தது 687-ல். ஆனால் 1827-ல் அவர் சவப்பெட்டியிலிருந்து எடுத்த அந்தப் பட்டையின் முனைகளில் வேறு கதை தைத்திருக்கிறது: ஆல்ஃப்ளாட் அரசி செய்யச் சொன்னது, ஆயர் ஃப்ரித்தஸ்டானுக்காக. அப்படியானால் காலம் 909–916. புனிதர் இறந்து இருநூறு ஆண்டுக்கும் மேல் ஆனபின் பிறந்த துணி. பெயரை நம்புமுன் எழுத்தை வாசியுங்கள்.

எழுத்து லத்தீனாகத்தான் இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. இத்தாலியின் ஃபெர்மோவில், இங்கிலாந்தின் பேராயர் தாமஸ் பெக்கெட் அணிந்ததாக மரபு சொல்லும் மேலங்கியில் தங்க இழையில் அரபு எழுத்து இருக்கிறது. துணி முஸ்லிம் ஸ்பெயினிலிருந்து வந்தது. நல்ல பட்டு எங்கிருந்து வந்தாலும் சரி, திருச்சபை முகம் சுளிக்கவில்லை. கிடைப்பதுதான் கஷ்டம்: 968-ல் தூது போன ஆயர் லியுத்பிராண்ட் வாங்கிய ஊதாப் பட்டுகளை, வெளியே கொண்டுபோகக் கூடாதென்று, பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் பிடுங்கிக்கொண்டார்கள்.

'பட்டு உடை' என்றால் துணியே பட்டு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகத்தின் சையன் போர்வையங்கிக்கு (1310–20) அடித்துணி லினன். அது தெரியாதபடி மேலே பட்டிழையும் சரிகையும் நிறைந்திருக்கும். அக்கால ஆங்கிலச் சரிகை நம் சரிகைக்கு உறவுக்காரன்தான்: தங்கமுலாம் பூசிய வெள்ளித் தகடு, நடுவே பட்டிழை. அதைத் துணிக்குள் குத்தி ஏற்றுவதில்லை. மேலே கிடத்தி, பின்பக்கத்து லினன் நூலால் துளியூண்டு பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். அந்த ஒவ்வொரு இழுப்பும் ஒரு கீல் மாதிரி. அதனால்தான் அவ்வளவு உலோகம் சுமந்தும் துணி மடங்கும்.

இதெல்லாம் கன்னியர் மடத்து வேலை என்பார்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி கூலி கொடுத்த மேபல் கன்னியாஸ்திரீ அல்ல, தொழில்காரி.

கடைசியாக, உருவம். அதே அருங்காட்சியகத்தின் பட்லர்-பௌடன் போர்வையங்கி, சிவப்பு வெல்வெட்டில் செய்தது, ஒரு காலத்தில் வெட்டுண்டு வேறு பூசை உடைகளாகவும் பீடத் துணியாகவும் கிடந்தது. பிறகுதான் ஒட்டுப்போட்டுப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே தையலோரங்களை உற்றுப் பாருங்கள். பாதி முகத்தோடு நிற்கும் புனிதர் அங்கேதான் அகப்படுவார்.